புடவை கட்டிய கடிகாரம்

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைச் சும்மா விட்டுவிட்டார்கள். குழாயைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கழிவுநீருக்குப் போடுகிற தடித்த பிவிசி குழாய், இரண்டு முனையிலும் மூடி, என் நெஞ்சு வரை உயரம். திறக்கச் சொன்னார்கள். உள்ளே பழைய கைலியில் சுற்றிய தேக்குக் கோல், அதன் அடியில் ஒரு பித்தளை வட்டு.

"இது என்னம்மா?" என்றார் அதிகாரி.

"பெண்டுலம் சார். கடிகாரத்துக்கு."

"கடிகாரம் எங்க?"

"உங்க ஊர்லதான் சார் இருக்கு. காஞ்சிபுரத்துல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலேசியாவிலிருந்து தங்கம் கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பார், பெண்டுலம் கொண்டு வந்தவளைப் பார்த்திருக்க மாட்டார். வட்டைத் தட்டிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், கடைசியில் கைலியைச் சுற்றி அவரே உள்ளே வைத்துக் கொடுத்தார். "பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நான் ஈப்போவில் ஒரு தமிழ்ப் பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள். பேர் சரோஜா. வாய் கொஞ்சம் நீளம். ஆறிப்போன மீ கோரெங் நூடுல்ஸைச் சூடு என்று சொல்லி விற்கத் தெரியாது. பிள்ளைகளே "அக்கா, இன்னிக்கு எது நல்லா இருக்கு?" என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பயணம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது அந்த வாய்தான்.

பெண்டுலம் என் தாத்தா ஏகாம்பரத்துடையது. காஞ்சிபுரத்தில் தறி நெய்தவர், மரவேலையும் கை வந்தவர். கல்யாணமான புதிதில் மனைவி விசாலாட்சிக்காக ஓர் ஆளுயரக் கடிகாரம் செய்தாராம். பிறகு பிழைப்புக்காக மலாயாவுக்குக் கப்பல் ஏறும்போது, அதன் பெண்டுலத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாராம். "நான் வந்து மாட்டுற அன்னிக்குத்தான் இது ஓடணும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்போது அந்தம்மா முழுகாமல் இருந்தாள். அவர் திரும்பிப் போகவே இல்லை. ஈப்போவில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அதில் பிறந்தவர்தான் என் அப்பா.

ஈயச் சுரங்கத்தில் தாத்தாவுக்குத் தச்சு வேலை. மேசை, பெஞ்சு, ஏணி, தொட்டில், எல்லாம் செய்தார். இன்னொரு கடிகாரம் மட்டும் செய்யவில்லை. பெண்டுலம் அவர் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கும். விவரம் தெரியாத வயதில் ஒருநாள் அதைத் தள்ளி ஆட்டிவிட்டேன். தாத்தா கையால் பிடித்து நிறுத்தி, "இது இங்க ஆடக் கூடாது கண்ணு" என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

போன வருஷம் அப்பா தவறினார். படுக்கையில் கிடந்தபோது, "அது நம்ம சாமான் இல்லம்மா. எங்க அக்கா வீட்டுல கொண்டு போய்க் குடுத்துடு" என்றார். அக்கா என்றால் விசாலாட்சியம்மாளுக்குப் பிறந்த பட்டம்மாள். அப்பா ஒருநாளும் பார்த்திராத அக்கா. தெருவின் பேர் ஒன்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்தத் தெருவில் இருக்கிற ஒரு பட்டுக்கடைக்குப் போன் போட்டு, பெரிய கடிகாரம் இருக்கிற வீடு என்றதும் நம்பர் கொடுத்துவிட்டார்கள். நான் யார் என்று சொன்னதும் அத்தை அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் காஞ்சிபுரம் பஸ் முசரவாக்கம் கிட்டே புகை கக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி என்ஜினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி என்ஜினைப் பார்த்தார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் எல்லாரும் போனை எடுப்பார்கள். இங்கே எல்லாரும் வாயைத் திறந்தார்கள்.

"இன்னாமா, மோட்டருக்குப் பைப்பா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

கடிகாரத்துப் பெண்டுலம் என்றேன். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "எந்தக் கடிகாரம்? பூவாடைக்காரி கடிகாரமா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்பதற்குள் அடுத்த பஸ் வந்து எல்லாரும் முண்டியடித்தோம். குழாயை யாரோ வாங்கினார்கள், யாரோ பிடித்தார்கள், பெரிய காஞ்சிபுரத்தில் இறங்கும்போது யாரோ கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு காணவில்லை.

பட்டம்மா அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒடிசலான உடம்பு, நல்ல உயரம், தடித்த கண்ணாடி. வாசலிலேயே என் முகத்தைத் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா சாயல் இருக்குதானு பாக்குறேன்" என்றார். பிறகு தானே சிரித்துக்கொண்டார். "அவரப் பாத்ததே இல்ல, எனக்கு எப்பிடித் தெரியும்? வா, கை கால் கழுவிக்கினு சாப்புடு."

சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

கூடத்தில் ஒரு பக்கம் தறி. அத்தையின் மருமகன் நெய்துகொண்டிருந்தார். அதற்கு நேர் எதிர் மூலையில் நின்றது கடிகாரம். பெரிய பங்களாக்களில் உத்தரத்தை முட்டிக்கொண்டு நிற்கும் ரகம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இது ஒரு பெண்பிள்ளை உயரம்தான். பழைய தறி மரத்தில் செய்தது. ஓர் ஆணி கிடையாது, தறிக்கு அடிக்கிற மாதிரி மர முளைதான். கதவின் ஓரம் முழுக்கப் புடவைக் கரையில் வருகிற கோபுர வரிசையைச் செதுக்கியிருந்தார். முகத்தில் தமிழ் எண்கள், தூரிகையால் எழுதியவை.

"எங்கம்மா உசரத்துக்கு அளந்து செஞ்சாராம்" என்றார் அத்தை. "அம்மா பக்கத்துல நின்னா ரெண்டு முகமும் ஒரே மட்டத்துல இருக்கும்."

நான் அந்தக் கோபுரங்களைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. இத்தனை பிரியமாகச் செய்த மனுஷன் எப்படி அவளை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்? செத்துப் போன தாத்தா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் திரும்பி வந்திருந்தால் நான் பிறந்திருக்க மாட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடிகாரத்துக்கு மேலே விசாலாட்சியம்மாளின் படம். பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிச் சரடு தெரிய எடுத்தது. அத்தையின் மகள் வயிற்றுப் பேத்தி திவ்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"இவங்கதான் ஆன்ட்டி எங்க வீட்டு பூவாடைக்காரி" என்றாள். "பூவும் பொட்டுமா, தாலியோட செத்துப் போன லேடீஸ்தான் எங்களுக்குக் குலசாமி மாதிரி. வீட்ல கல்யாணம்னா ஃபர்ஸ்ட் அவங்களுக்குப் புதுப்புடவை வெச்சு படையல் போடணும். அவங்க பர்மிஷன் இல்லாம தாலியே வாங்க மாட்டாங்க. மத்தவங்க வீட்ல கலசத்துக்குப் புடவை சுத்துவாங்க. நாங்க இந்த கிளாக்குக்குக் கட்டுவோம். வெள்ளிக்கிழம படையல்."

"தாலியோட போனாத்தானா?"

"ஆமா ஆன்ட்டி. விடோவா போனவங்களுக்கு பூவாடை கிடையாது. ஆயா அதுல செம ஸ்ட்ரிக்ட்."

படத்துக்குக் கீழே அந்தம்மா இறந்த தேதி இருந்தது. அதை இரண்டு தரம் படித்தேன். தாத்தா செத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு, உங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்பு, படித்தேன். இந்தத் தேதியில் நான் நாலாம் ஆண்டு முடித்துவிட்டேன். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் தாத்தாதான் முந்தி. விசாலாட்சியம்மாள் நெற்றி நிறையப் பொட்டோடு இந்தக் கூடத்தில் நடமாடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில் அவள் புருஷன் ஈப்போ சுடுகாட்டில் சாம்பலாகியிருந்தார். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "வாய மூடிக்கிட்டு இரு. சாமானக் குடுத்துட்டு வந்துடு" என்றார். கேட்டால் என்ன செய்வது, பொய் சொல்லட்டுமா என்றேன். "நீ பொய் சொன்னா உன் மூஞ்சே காட்டிக் குடுத்துடும்" என்றார். துணைக்கு ஆள் தேடினால் இப்படித்தான்.

வியாழக்கிழமை காலையில் பசியாற இட்லி வைத்தார்கள். கோயிலில் தருகிற மாதிரி மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு அவித்து, துண்டு துண்டாக வெட்டியது. மிளகு, சீரகம், சுக்கு. ஒரு வாய் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் இதற்குத் 'தாத்தா இட்லி' என்று பேர். டம்ளரில் ஊற்றி அவிப்போம். சுக்குக் காரத்துக்குப் பயந்து பிள்ளைகள் யாரும் தொட மாட்டோம். அவர் போன பிறகு வருஷத்துக்கு ஒருநாள் அவர் திவசத்தன்றைக்குத்தான் செய்வது. ஏன் இப்படி ஒரு இட்லி என்று நான் யாரையும் கேட்டதே இல்லை.

"காரமா இருக்குதா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. நல்லா இருக்கு" என்றேன். அது உண்மை.

பத்து மணி வாக்கில் கரீம் பாய் வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடிகாரக் கடை வைத்திருப்பவர். கடிகாரத்துக்கு உள்ளே ஓடுகிற மிஷினை அந்தக் காலத்தில் தாத்தாவுக்குக் கொடுத்தது அவருடைய தாத்தாவாம். கூட்டாளிகள். பாய் முகப்பைக் கழற்றி, பல் சக்கரங்களைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார்.

"ஓடாத கடிகாரத்துக்கு எதுக்கு பாய் எண்ணெய்?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தாவோட வசியத்துமா, கடைசி ஆச. மவுத்தாகறதுக்கு முன்னாடி எங்க வாப்பாகிட்ட சொன்னது. ஏகாம்பரம் வர்ற அன்னிக்கு இது ஓடியாகணும், மிஷினு மக்கர் பண்ணா நம்ம பேரு இன்னாத்துக்கு ஆகும்னாரு. வாப்பா வருசா வருசம் வந்தாரு. இப்ப நான் வந்துக்கினு இருக்கேன்." நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். "வேற பெண்டுலம் போட்டுத் தரோம்னு எத்தினியோ தபா கேட்டாங்க. விசாலாட்சிப் பெரியம்மா ஒத்துக்கவே இல்ல."

மூன்று தலைமுறையாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ஒரு தந்தி அடிக்கத் தாத்தாவுக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் படையலுக்குப் பூக் கட்ட உட்கார்ந்தோம். கோடி வீட்டு அன்னம்மாவும் வந்திருந்தார். அத்தைக்குச் சமவயது, நாக்கு என்னுடையதை விட நீளம். ஒரு முழம் கட்டுவதற்குள் என் வயது, பிள்ளைகள், வீட்டுக்காரர் வேலை எல்லாவற்றையும் கறந்துவிட்டார். பிறகு கேட்டார்.

"ஏம்மா, உங்க தாத்தா எப்போ போனாரு? விசாலாட்சிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தறிச் சத்தம் நின்றது. திவ்யா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். நான் கட்டின முடிச்சையே மறுபடி கட்டினேன்.

"அன்னம்மா!" என்று உள்ளேயிருந்து அத்தை கத்தினார். "பால் பொங்குது பாரு, ஓடிப் போய் அடுப்ப அணை!"

அன்னம்மாவுக்கு மூட்டுவலி. நான்தான் ஓடினேன். அடுப்பில் பால் இல்லை, கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது. அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பேச்சு மல்லிகை விலைக்கு மாறியிருந்தது.

இனிமேல் யாராவது கேட்டால் சொல்லிவிடுவதா, வேண்டாமா? சொன்னால், இத்தனை வருஷம் இந்த வீட்டில் ஏற்றின விளக்கெல்லாம் என்ன ஆவது? திவ்யாவின் கல்யாணத்துக்கு யார் கொடுத்த உத்தரவை உத்தரவு என்பது? தன் அம்மா பூவும் பொட்டுமாகப் போனாள் என்பது ஒன்றுதான் அத்தைக்கு அப்பா விட்டுப் போன சொத்து. அதையும் பறிக்கத்தான் நான் இவ்வளவு தூரம் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தேனா? ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடியும்போது ஒன்று தீர்மானித்தேன். யாராவது கேட்டால் எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிடுவது. என் வாய்க்கு அது பெரிய விரதம்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் கிணற்றடிக்குப் போய் விசாலாட்சியம்மாளைப் பேர் சொல்லி அழைத்து, கலசத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அத்தை அரக்கு நிறப் பட்டுப் புடவையைப் பிரித்தார். மருமகன் தன் தறியில் நெய்தது. கடிகாரத்தின் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோள் மாதிரி இருந்த மர வளைவில் போட்டார். உச்சியில் குங்குமம் வைத்தார். சுற்றி மல்லிகை. கடைசியாக ஒரு மஞ்சள் கயிறு.

நேற்று வரை மரப்பெட்டி. இப்போது கூடத்து மூலையில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் கை கூப்பினேன். என்னை மன்னிச்சுடும்மா, நான் அவரோட இன்னொரு வீட்டுப் பேத்தி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"சரோஜா, கொழாயத் திற" என்றார் அத்தை.

எடுத்துக் கொடுத்தேன். அத்தை பெண்டுலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தத் தேக்குக் கோலை மேலிருந்து கீழ் வரை விரலால் தடவினார். அப்பாவின் கை பட்ட இடத்தைத் தேடுகிறார் என்று புரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கரீம் பாய் வாசல்படி ஓரம் நின்றபடியே சொல்லச் சொல்ல, அத்தை புடவைக் கொசுவத்தை விலக்கி, கதவைத் திறந்து, பெண்டுலத்தை மாட்டினார். பாய் வந்து சாவி கொடுத்துவிட்டு மறுபடி வாசல்படிக்கே போய்விட்டார். அத்தை ஒற்றை விரலால் பித்தளை வட்டைத் தள்ளினார்.

டக். டடக். டக். டடக்.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த அத்தை அந்தச் சத்தத்தை முதல்முறையாகக் கேட்கிறார். நானும்தான். சத்தம் நொண்டி நொண்டி வந்தது. கொஞ்ச நேரத்தில் தளர்ந்தது. பெண்டுலம் ஆடிக்கொண்டே அடங்கி, நின்றுவிட்டது.

"தரை வாட்டம்மா" என்றார் பாய் பதறிப்போய். "மிஷினு மேல ஒரு குத்தமும் இல்ல. எடது கால்ல ஒரு தக்கை குடுத்தா ஜம்முனு ஓடும். இதோ, ரெண்டு நிமிசம்."

"வேணாம் பாய்."

"இல்லமா, சும்மா ஒரு அட்டைய மடிச்சு..."

"வேணாம் பாய். வந்தாரு." அத்தை கதவைச் சாத்தி, கொசுவத்தைச் சரிசெய்தார். "போயிட்டாரு. அம்மாவுக்கு அது போதும்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கற்பூரம் ஏற்றினார். எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் போயிட்டான். இனிமே எங்கப்பாவுக்கு நான்தான் திதி குடுக்கணும். எப்போ போனாரு, சொல்லு."

அன்னம்மா பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். நினைவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தையின் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"அத்தை, அவரு போனது... நான் அப்ப ஸ்கூல்ல முதலாம்..."

அத்தையின் கை என் வாயைப் பொத்தியது. மஞ்சளும் கற்பூரமும் மணத்தன. மெதுவாகத்தான் வைத்தார், ஆனால் எடுக்கவில்லை.

"வருசத்த யாருமா கேட்டா?" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "திதி குடுக்க வருசம் எதுக்கு? மாசத்தச் சொல்லு. பிறையச் சொல்லு."

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் அசையவே இல்லை. நான் தலையாட்டினேன். கையை எடுத்தார்.

"ஐப்பசி, அத்தை. வளர்பிறை சப்தமி."

"ஐப்பசி வளர்பிறை சப்தமி" என்று திருப்பிச் சொன்னார் அத்தை. "திவ்யா, போன்ல போட்டு வை." அன்னம்மா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூக்கூடையை எடுத்துக்கொண்டார்.

இலை போட்டுப் படைத்தார்கள். சாமி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் என்று எல்லாரும் கூடத்தை விட்டு வெளியே போனோம். அத்தை மட்டும் நிலைப்படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். குரல் சட்டென்று சின்னப் பெண்ணுடையது மாதிரி ஆகிவிட்டது.

"படைக்கிறதுக்குத் தெரியணுமில்ல, அதான் கேக்குறேன். எங்கப்பாவுக்கு இன்னா புடிக்கும்?"

"இட்லி, அத்தை" என்றேன். "மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு, நேத்து நீங்க குடுத்தீங்களே, அதேதான். எங்க ஊர்ல யாரும் அத வாயில வைக்க மாட்டாங்க. கடைசி வரைக்கும் அவருக்கு மட்டும் தனியா அவிச்சுக் குடுத்தோம்."

அத்தை கூடத்துக்குள் திரும்பி, புடவை கட்டி நின்ற கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேட்டுதாம்மா?" என்றார்.